அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ஸ்டேடியங்கள்: வரலாறு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்க ஃபுட்பால்னு சொல்றது ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டை வடிவ பந்தோட ஆடுற அமெரிக்க ஆட்டத்தை. எனக்கு ஆட்டத்தைவிட அது நடக்குற கட்டடங்கள் மேல பைத்தியம் ஜாஸ்தி. ஏன்னா யார் காசு குடுத்தாங்க, யாருக்காக கட்டுனாங்க, யாரை வெளிய நிறுத்துனாங்கன்னு எல்லாமே அந்த கான்கிரீட்லயே இருக்கு. அடிக்கடி வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன்.

ஒரு காலேஜுக்கு எதுக்குங்க ஒரு லட்சம் பேர் உக்கார்ற ஸ்டேடியம்?

நியாயமான கேள்வி. மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்.எஸ்.யூ (லூசியானா ஸ்டேட்), டென்னசி, டெக்சஸ், அலபாமா, இந்த எட்டு யுனிவர்சிட்டி ஸ்டேடியமும் ஒரு லட்சம் பேருக்கு மேல கொள்ளும்னு பேர் வாங்கினது. மிச்சிகன் ஸ்டேடியம் இருக்குற ஆன் ஆர்பர் ஊரோட மொத்த ஜனத்தொகையே 1,20,000 சொச்சம்தான், ஸ்டேடியம் 1,07,601 பேருக்கு. அதாவது ஊரே கிளம்பி வந்தாலும் முக்கால்வாசிக்கு மேல உள்ள உக்காந்துடலாம்.

காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. அமெரிக்காவுல ப்ரொஃபஷனல் டீம் பெரிசா வளர்றதுக்கு ரொம்ப முன்னாடியே காலேஜ் டீம்தான் பெரிய ஆட்டம், அதுவும் பெரிய நகரம் இல்லாத மாநிலங்கள்ல மாநில யுனிவர்சிட்டி டீம்தான் மொத்த மாநிலத்துக்கும் சொந்த டீம், அந்த யுனிவர்சிட்டி வாசல் பக்கமே போகாத விவசாயி குடும்பம் கூட மூணு தலைமுறையா சீசன் டிக்கெட் வச்சிருக்கும். அதோட முன்னாள் மாணவர்களை வருஷா வருஷம் ஊருக்கு இழுத்துட்டு வந்து நன்கொடை வாங்குறதுக்கு இதைவிட நல்ல வழியை எந்த நிர்வாகமும் இதுவரை கண்டுபிடிக்கல.

ஆரம்பத்துல எங்க ஆடுனாங்க?

வெறும் மைதானம். 1869 நவம்பர் 6-ம் தேதி ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடுன ஆட்டத்தைத்தான் முதல் காலேஜ் ஆட்டம்னு சொல்றாங்க, அதைப் பாக்க வந்தது ஒரு நூறு பேர் இருக்கும், தரையிலயும் வேலி மேலயும் உக்காந்து பாத்தாங்க. அடுத்த முப்பது வருஷத்துல கூட்டம் ஆயிரக்கணக்குல ஏறிப்போச்சு, ஆனா உக்கார இடம்னா மரப்பலகை கேலரிதான். நனைஞ்சா உளுத்துடும், தீப்பிடிச்சா அவ்வளவுதான், பாரம் தாங்காம சரியவும் செய்யும்.

இடம் பத்தாததோட விலை என்னன்னு 1900-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல தெரிஞ்சுது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியும் ஆடுன ஆட்டம், தேங்க்ஸ்கிவிங் நாள். மைதானத்துக்குப் பக்கத்துலயே புதுசா ஒரு கண்ணாடி ஃபேக்டரி, டிக்கெட் வாங்க காசில்லாத கூட்டம் அதோட கூரை மேல ஏறிடுச்சு, நிறைய பேர் சின்னப் பசங்க. கூரை இடிஞ்சு விழுந்துச்சு. கீழ எரிஞ்சுக்கிட்டு இருந்தது கண்ணாடி உருக்குற உலை. 20 பேருக்கு மேல செத்தாங்க. அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள்ல பார்வையாளர்கள் செத்த விபத்துல இன்னிக்கு வரைக்கும் இதுதான் மோசமானது. ஸ்டேடியம் வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் ஹார்வர்ட்ல ஆரம்பிப்பாங்க, என்னைக் கேட்டா இந்தக் கூரையில இருந்து ஆரம்பிக்கணும்.

ரொம்பப் பழைய ஸ்டேடியம் எது?

எதை எண்ணுறோம்ங்கிறதைப் பொறுத்தது. பிலடெல்ஃபியாவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியோட ஃபிராங்க்ளின் ஃபீல்ட் 1895-ல திறந்தது, ஆனா இப்ப நாம பாக்குற ரெண்டு அடுக்கு செங்கல் கட்டடத்துல கீழ் அடுக்கு 1922-லயும் மேல் அடுக்கு 1925-லயும் வந்தது. மாறாம அப்படியே நிக்கிற பெரிய கான்கிரீட் ஸ்டேடியம்னா ஹார்வர்ட், 1903. இன்னிக்கு மேல்மட்ட டிவிஷன்ல ஆடுற டீம்களை மட்டும் எடுத்தா ஜார்ஜியா டெக், 1913, அதோட முதல் கேலரியை கட்டுனதுல அந்த காலேஜ் மாணவர்களோட உழைப்பே பெரிய பங்கு. 1916-ல ஜார்ஜியா டெக் கம்பர்லேண்டை 222-0ன்னு அடிச்சதும் அதே மைதானத்துலதான், அந்த ஸ்கோரை இன்னும் யாரும் தாண்டல.

ஹார்வர்ட் ஸ்டேடியத்துல அப்படி என்ன விசேஷம்?

கம்பி வச்ச கான்கிரீட்ல அவ்வளவு பெரிய கட்டடத்தை அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல யாரும் பெரிசா முயற்சி பண்ணல. 1879-ல படிச்சு முடிச்ச செட், தங்களோட 25-வது வருஷத்தை ஒட்டி 1,00,000 டாலர் குடுத்தாங்க, மீதி விளையாட்டு வருமானத்துல இருந்து வந்துச்சு. ஹார்வர்ட் இன்ஜினியரிங் ஆசிரியர்களே முன்ன நின்னு கணக்குப் போட்டாங்க. பாஸ்டன் குளிர்ல கான்கிரீட் வெடிச்சுப் போயிடும், வெளியில திறந்து கிடக்குற கட்டடத்துக்கு இது ஆகாதுன்னு அப்ப பல பேருக்கு பயம். 120 வருஷம் தாண்டியும் நிக்குது.

வடிவம் பண்டைய கிரேக்க ஸ்டேடியம் மாதிரி லாடம், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். மேல சுத்தி வர்ற தூண் வரிசை 1910-ல சேர்த்தது. படிக்கட்டு மாதிரி இருக்குற கான்கிரீட் அடுக்குலதான் உக்காரணும், அதனால பாஸ்டன்ல இன்னிக்கும் காலைல எக்சர்சைஸ் பண்றவங்க அந்தப் படிகளை ஏறி ஏறி இறங்குறதையே ஒரு பயிற்சியா வச்சிருக்காங்க.

முதல் ஆட்டம் 1903 நவம்பர் 14, எதிர் டீம் டார்ட்மவுத். புது வீட்டுல ஹார்வர்ட் 11-0ன்னு தோத்துச்சு.

ஒரு ஸ்டேடியத்தால ஆட்டத்தோட ரூலே மாறிச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

பெரும்பகுதி உண்மை, எனக்கு இந்த மொத்த வரலாறுலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 1905 வாக்குல ஃபுட்பால்னா பந்தை வச்சிருக்குறவனை நடுவுல விட்டு எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டு எதிராளி மேல மொத்தமா மோதுறது. முன்னாடி பந்து எறியுற பாஸ் கிடையவே கிடையாது. அந்த ஒரு சீசன்ல மட்டும் 18, 19 பேர் செத்தாங்கன்னு பத்திரிகைகள் எழுதுச்சு, பெரும்பாலும் பள்ளி, காலேஜ் பசங்க. பல காலேஜ் ஆட்டத்தையே நிறுத்தப் பாத்தாங்க. பிரெசிடென்ட் தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆளுங்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு பேசினார்.

நெரிசலைக் குறைக்க என்ன வழின்னு யோசிச்சப்ப வந்த ஒரு யோசனை, மைதானத்தை 40 அடி அகலப்படுத்துறது. இடம் கிடைச்சா ஆளுங்க ஓரமா ஓடுவாங்க, நடுவுல குமியமாட்டாங்க. நல்ல யோசனைதான், ஆனா ஹார்வர்ட்ல ரெண்டே வருஷம் முன்னாடி கட்டி முடிச்ச கான்கிரீட் கேலரி மைதானத்தை ஒட்டி நிக்குதே, அதை எங்க தள்ளுறது? மரப்பலகைன்னா பிரிச்சு நகத்தியிருப்பாங்க. அந்த வழி அடைபட்டதும் மத்த வழிகளுக்கு பலம் கூடுச்சு, 1906-ல முன்னாடி பந்து எறியலாம்னு ரூல் வந்துச்சு. இன்னிக்கு உலகம் பாத்து ரசிக்கிற 50 கஜம் பாஸ், ரிசீவர் பறந்து பிடிக்கிறது எல்லாம் அப்ப பிறந்தது. மைதானத்தோட அகலம் இன்னிக்கும் அதே 160 அடிதான். கான்கிரீட் மட்டும்தான் காரணம்னு சொல்லமுடியாது, பாஸ் வேணும்னு ஏற்கனவே வாதாடுன கோச்சுகளும் இருந்தாங்க, ஆனா அந்தச் சுவர் இல்லேன்னா பேச்சு வேற பக்கம் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பவுல் பவுல்னு சொல்றாங்களே, ரோஸ் பவுல், சூப்பர் பவுல், அது எங்க இருந்து வந்துச்சு?

யேல் யுனிவர்சிட்டியோட யேல் பவுல்ல இருந்து, பவுல்னா கிண்ணம். 1914-ல நியூ ஹேவன்ல திறந்தது, சார்லஸ் ஃபெர்ரிங்கிற இன்ஜினியரோட டிசைன். மேல மேல தூண் வச்சு கட்டாம, நம்ம ஊர்ல குளம் வெட்டி அந்த மண்ணையே சுத்திலும் கரையா போடுற மாதிரி, நடுவுல தோண்டி அந்த மண்ணை சுத்திக் குவிச்சு அது மேல கான்கிரீட் அடுக்கைப் போட்டாங்க. அதனால வெளியில இருந்து பாத்தா சின்ன மேடு மாதிரி இருக்கும், சுரங்கப்பாதை வழியா உள்ள நடந்து போனாதான் திடீர்னு கீழ மைதானம் விரியும். திறந்தப்ப 70,000 பேருக்கு மேல உக்காரலாம். தூண் இல்ல, மறைப்பு இல்ல, எங்க உக்காந்தாலும் பூரா மைதானமும் தெரியும்.

ஆனா கட்டுறப்ப டாய்லெட்டும் வைக்கல, டீமுக்கு டிரெஸ்ஸிங் ரூமும் வைக்கல. முதல் ஆட்டத்துல ஹார்வர்ட் வந்து 36-0ன்னு அடிச்சுட்டுப் போச்சு.

யேல் பவுலைப் பாத்துதான் கலிஃபோர்னியா பசடீனாவுல 1922-ல ரோஸ் பவுல் வந்துச்சு. அந்த ஊர்ல புத்தாண்டு பூத்தேர் ஊர்வலம் ரொம்பப் பழசு, அதோட சேத்து ஒரு ஆட்டம் நடத்துவாங்க, 1902-ல நடந்த முதல் ஆட்டத்துல மிச்சிகன் ஸ்டான்ஃபோர்டை 49-0ன்னு அடிச்சுது. புது ஸ்டேடியத்துல 1923 புத்தாண்டு அன்னிக்கு யு.எஸ்.சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) 14-3ன்னு பென் ஸ்டேட்டை ஜெயிச்சுது. அதுக்கப்புறம் ஆரஞ்சு, ஷுகர், காட்டன்னு ஊர் ஊருக்கு ஒரு பவுல் ஆட்டம். 1994 உலகக் கோப்பை கால்பந்து ஃபைனல்ல இத்தாலியோட பாஜியோ பெனால்ட்டியை மேல அடிச்சாரே, அது இந்த ரோஸ் பவுல்லதான்.

நிறைய ஸ்டேடியத்துக்கு ஏன் மெமோரியல் ஸ்டேடியம்னு பேரு?

முதல் உலகப்போர் முடிஞ்ச உடனே, அதாவது 1919-ல இருந்து ஒரு பத்து வருஷம், யுனிவர்சிட்டிகள் வெறித்தனமா ஸ்டேடியம் கட்டுன காலம். போர்ல செத்த மாணவர்களுக்கு நினைவுச் சின்னம் வேணும்ங்கிற உணர்வும், பெரிய ஸ்டேடியம் வேணும்ங்கிற ஆசையும் ஒண்ணா சேந்துடுச்சு. கான்சஸ் 1921, நெப்ராஸ்கா, இலினாய், கலிஃபோர்னியா மூணும் 1923, டெக்சஸ், மினசோட்டா 1924. வெறும் கேலரிக்கு நன்கொடை கேட்டா குடுக்கத் தயங்குறவங்க நினைவு மண்டபத்துக்குன்னா குடுப்பாங்க, இது நிர்வாகங்களுக்கும் நல்லாவே தெரியும். அதுக்காக அந்த துக்கம் பொய்யில்ல. இலினாய்ல ரெண்டு பக்க கேலரிக்கும் பின்னாடி மொத்தம் 200 தூண், போர்ல செத்த இலினாய் மாணவர்களோட பேரை அந்த தூண்கள்ல பொறிச்சிருக்காங்க. ஆட்டம் பாக்க வர்றவங்க அந்தப் பேருகளைத் தாண்டித்தான் உள்ள போகணும்.

அதே ஸ்டேடியத்தை முறைப்படி அர்ப்பணிச்ச நாள் 1924 அக்டோபர் 18. எதிர் டீம் மிச்சிகன். ரெட் கிரேஞ்ச்னு ஒரு பையன் முதல் கிக்கையே வாங்கி 95 கஜம் ஓடி டச்டவுன் (பந்தை எதிராளியோட எல்லைக் கோட்டுக்குள்ள கொண்டுபோய் எடுக்குற ஸ்கோர்), அப்புறம் இன்னும் மூணு, எல்லாம் முதல் 12 நிமிஷத்துக்குள்ள. 39-14. பத்திரிகையும் அப்பதான் வந்த ரேடியோவும் சேந்து அவரை நாடு பூரா தெரிஞ்ச ஆளாக்கிடுச்சு, அதோட ஸ்டேடியம் மோகமும் இன்னும் ஏறுச்சு.

ஒஹாயோ கதையும் இதே மாதிரிதான். சிக் ஹார்லிங்கிற ஆட்டக்காரர் வந்ததுல இருந்து கூட்டம் பழைய மைதானத்துல அடங்கல, ஜனங்ககிட்ட வசூல் பண்ணியே 10 லட்சம் டாலருக்கு மேல சேத்து, 1922-ல லாட வடிவத்துல 66,210 பேருக்கு கட்டுனாங்க. இது எங்க நிறையப் போகுதுன்னு அப்ப கேட்டவங்க நிறைய. இப்ப 1,02,000 தாண்டி நிக்குது.

காசு எங்க இருந்து வந்துச்சு? எல்லாம் நன்கொடையா?

இல்ல, கடனும் உண்டு, இதை நல்லாப் புரிஞ்சுக்கணும்னா மிச்சிகனைப் பாக்கணும். ஃபீல்டிங் யோஸ்ட்னு ஒரு பழைய கோச், பிறகு விளையாட்டுத்துறை டைரக்டர், அவருக்கு பிரம்மாண்டமா ஒரு ஸ்டேடியம் வேணும். ஆசிரியர்கள்ல ஒரு பகுதி இது யுனிவர்சிட்டியா சர்க்கஸ் கம்பெனியான்னு எதிர்த்தாங்க. மாநில வரிப்பணம் ஒரு பைசா வேண்டாம்னு சொல்லி, ஆளுக்கு 500 டாலர்னு 3,000 கடன் பத்திரம் வித்தார், 3 சதவீத வட்டி, வாங்குறவங்களுக்கு மைதானத்து நடுப்பக்கமா நல்ல இடத்துல டிக்கெட் வாங்குற உரிமை. கார் வாங்குற காசை ஒரு ஸ்டேடியத்துக்கு கடனா குடுத்தாங்க ஜனங்க, நல்ல சீட்டுக்காக.

1927-ல திறந்தப்ப செலவு 9,50,000 டாலர், 72,000 பேருக்கு நிரந்தர இடம். யேல் மாதிரியே பள்ளத்துல இறக்கிக் கட்டினது, முக்கால் பங்கு தரைக்குக் கீழ. தோண்டுனா தண்ணி ஊத்தெடுக்குற இடம் அது, ஒரு கிரேன் சேத்துல முங்கிப் போய் இன்னும் கீழயே கிடக்குன்னு ஊர்ல ஒரு கதை உண்டு, கதைதான். ஆனா யோஸ்ட் பண்ணின ஒரு வேலை உண்மை, பிற்காலத்துல ஒரு லட்சத்துக்கும் மேல ஏத்துற மாதிரி அஸ்திவாரத்தை அன்னிக்கே பலமா போட வச்சார். 1956-ல 1,01,001 ஆச்சு. அந்தக் கடைசி 1 ஃபிரிட்ஸ் கிரிஸ்லர்ங்கிற டைரக்டருக்காக வச்ச சீட்டுன்னு சொல்வாங்க, எந்த சீட்டுன்னு யாருக்கும் சொல்றதில்ல, ஆனா அதுல இருந்து ஸ்டேடியத்தோட அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 1-லதான் முடியும். 2013 செப்டம்பர் 7-ம் தேதி நோட்ர டாம் வந்தப்ப உள்ள இருந்தவங்க 1,15,109 பேர்.

கடன் வாங்கிக் கட்டுனா ஒரு விளைவு உண்டு: வருஷா வருஷம் கேலரி நிறையணும். நிறையணும்னா ஜெயிக்கணும், ஜெயிக்கணும்னா நல்ல கோச், நல்ல பிளேயர், அதுக்கு இன்னும் காசு. 1929 அக்டோபர்ல கார்னகி ஃபவுண்டேஷன் போட்ட பெரிய அறிக்கை, காலேஜ் விளையாட்டு வியாபாரமாயிடுச்சுன்னு ஆதாரத்தோட சொல்லுச்சு. அதே மாசம் பங்குச்சந்தை விழுந்துச்சு, அதுக்கப்புறம் பல யுனிவர்சிட்டி அந்தக் கடனை அடைக்க முக்கி முனகுனாங்க. இன்னிக்கு கோச்சுக்கு கோடிக்கணக்குல சம்பளம்னு கொதிக்கிறவங்க, அந்தக் கணக்கு 1920கள்லயே தொடங்கிடுச்சுங்கிறதை கவனிக்கணும்.

ஸ்டேடியத்துக்குள்ள ஹாஸ்டல் இருந்துச்சாமே?

ஆமா, எல்.எஸ்.யூ, லூசியானா. 1931 வாக்குல யுனிவர்சிட்டி பிரெசிடென்ட் ஜேம்ஸ் மன்ரோ ஸ்மித் கையில ஹாஸ்டல் கட்ட 2,50,000 டாலர் இருந்துச்சு, விளையாட்டுப் பிரிவு ஆள் ஸ்கிப்பர் ஹெர்டுக்கு சீட்டு கூட்டணும், காசில்ல. ரெண்டு பக்க கேலரியையும் நீட்டுவோம், அதுக்கு அடியில ரூம் கட்டுவோம்னு ஹெர்ட் சொன்னார், ஹாஸ்டலுக்கு ஹாஸ்டலும் ஆச்சு, 10,000 சீட்டும் ஆச்சு. இன்னிக்கும் பழைய பக்கத்துல ஜன்னல் வச்ச அடுக்குமாடி மாதிரித்தான் தெரியும், தலைமுறை தலைமுறையா பசங்க அதுல தங்கிப் படிச்சாங்க. ஒஹாயோ ஸ்டேடியத்துலயும் 1933-ல இருந்து வசதியில்லாத பசங்களுக்கு குறைஞ்ச செலவுல ஒரு ஹாஸ்டல் ஓடுச்சு, பொருளாதார மந்தத்துல அது எத்தனையோ பேரை படிக்க வச்சிருக்கு. கேலரிக்கு அடியில கிடந்த இடத்தை இதைவிட நல்லா யாரும் பயன்படுத்தல, என் அபிப்பிராயம்.

எல்.எஸ்.யூ.ல இன்னொண்ணு: 1988 அக்டோபர் 8, ஆபர்ன் டீமை கடைசி நேரத்துல 7-6ன்னு ஜெயிச்சப்ப கூட்டம் குதிச்ச குதியில கேம்பஸ்ல இருந்த நிலநடுக்கக் கருவியிலயே கோடு விழுந்துச்சு.

அணு உலைக்கும் ஸ்டேடியத்துக்கும் ஏதோ சம்பந்தம்னு கேள்விப்பட்டேன்?

சிகாகோ யுனிவர்சிட்டி. ஒரு காலத்துல அது பெரிய ஃபுட்பால் சக்தி, ஆனா பிரெசிடென்ட் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939-ல டீமையே கலைச்சுட்டார், படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு. அதோட ஸ்டேடியமான ஸ்டேக் ஃபீல்டு சும்மா கிடந்துச்சு. அதோட மேற்கு கேலரிக்கு அடியில ராக்கெட்ஸ்ங்கிற மட்டைப்பந்து ஆட்டத்துக்கான ஒரு கோர்ட், அதுல என்ரிகோ ஃபெர்மி குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி 1942 டிசம்பர் 2-ம் தேதி மனுஷன் உண்டாக்கின முதல் தொடர் அணுப்பிளவை நடத்திக் காட்டினாங்க. ஊருக்கு நடுவுல! 1957-ல அந்த கேலரியை இடிச்சாங்க, இப்ப அங்க லைப்ரரியும் ஹென்றி மூர் செஞ்ச வெண்கலச் சிலையும் இருக்கு.

பூகம்பக் கோடு மேலயே கட்டுன ஸ்டேடியம் எது?

பெர்க்லி, கலிஃபோர்னியா மெமோரியல் ஸ்டேடியம். ஹேவர்ட் ஃபால்ட் மைதானத்துக்கு நேர் அடியில ஓடுது. 1923-ல கட்டுனது, நிலம் மெல்ல மெல்ல நகர்றதுனால சுவர்ல விரிசல் வாய் விரிஞ்சு, ஒரே வளைவா இருந்த சுவர் ரெண்டு பக்கமும் விலகி நின்னதை கண்ணாலயே பாக்கலாம். 2010-ல இருந்து 2012 வரைக்கும் 32 கோடி டாலர் செலவுல திரும்பக் கட்டுனாங்க. ஃபால்ட் போற இடத்துல மட்டும் கட்டடத்தை தனித்தனித் துண்டா வெட்டி, பூகம்பம் வந்தா அந்தத் துண்டு மட்டும் நகர்ற மாதிரி, பக்கத்துல இருக்குறதை இழுத்துட்டுப் போகாத மாதிரி டிசைன். எனக்குத் தெரிஞ்சு இதைவிட புத்திசாலித்தனமான கேலரி வேற எங்கயும் இல்ல. ஆனா அந்தக் கடன் யுனிவர்சிட்டி கழுத்தை பல வருஷம் நெரிச்சுது, பக்கத்துல பயிற்சி மையத்துக்காக ஓக் மரங்களை வெட்டக்கூடாதுன்னு போராட்டக்காரங்க 2006 கடைசியில இருந்து 2008 வரைக்கும் மரத்து மேலயே குடியிருந்தாங்க.

1982-ல ஸ்டான்ஃபோர்ட் பேண்டு வாத்தியக்காரங்க ஆட்டம் முடிஞ்சதுன்னு நினைச்சு மைதானத்துக்குள்ள இறங்கிட, கலிஃபோர்னியா ஆளுங்க அஞ்சு தடவை பந்தை பின்னாடி பின்னாடி மாத்தி, வாத்தியக்காரங்களுக்கு நடுவுல புகுந்து ஓடி ஜெயிச்சாங்களே, அதுவும் இங்கதான்.

ஸ்டேடியத்தையே தூக்கி நகத்தினாங்கன்னு சொல்றது?

பென் ஸ்டேட். 1960-ல 30,000 சீட்டு இரும்பு கேலரியை 700 துண்டா கழட்டி ஒரு மைல் தள்ளி கொண்டுபோய் திரும்ப மாட்டினாங்க. 1978-ல இன்னும் ஒரு படி மேல, கேலரியை துண்டு துண்டா வெட்டி ஹைட்ராலிக் ஜாக்கி வச்சு உயரத் தூக்கி, ஓட்டப்பந்தய டிராக் இருந்த இடத்துல கீழ புது வரிசை சேத்தாங்க.

கறுப்பினத்தவங்களுக்கு இந்த ஸ்டேடியங்கள்ல இடம் இருந்துச்சா?

ரொம்ப காலம் இல்ல, இதைச் சொல்லாம ஸ்டேடியம் வரலாறு பேசுறது சரியில்ல. தெற்கு மாநிலங்கள்ல இந்த பிரம்மாண்ட ஸ்டேடியங்கள் எழும்புன காலத்துல கறுப்பின மாணவர்களுக்கு அந்த யுனிவர்சிட்டியிலயே சேர அனுமதி கிடையாது. அங்க யுனிவர்சிட்டி டீம்களோட பெரிய லீக்கான எஸ்.இ.சி.யில முதல் கறுப்பின வீரர் நேட் நார்த்திங்டன் களம் இறங்குனதே 1967-ல, கென்டக்கிக்காக.

வடக்குல சேத்துக்கிட்டாங்க, ஆனா சுலபமா இல்ல. அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட முதல் கறுப்பின விளையாட்டு வீரர் ஜாக் ட்ரைஸ். 1923 அக்டோபர் 6-ம் தேதி மினசோட்டாவுக்கு எதிரா ஆடுறப்ப ஆரம்பத்துலயே காறை எலும்பு உடைஞ்சுது, ஒண்ணும் இல்லன்னு சொல்லி தொடர்ந்து ஆடுனார், அப்புறம் கீழ விழுந்தவரை எதிராளிங்க மிதிச்சுட்டாங்க. ரெண்டு நாள்ல இறந்துட்டார், வயசு 21. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ஹோட்டல் காகிதத்துல எழுதின ஒரு கடிதம் அவர் கோட்டுல கிடைச்சுது. என் இனத்தோட மானமும் குடும்பத்தோட மானமும் என்னோட மானமும் நாளைக்கு என் கையிலதான் இருக்குன்னு தனக்குத்தானே எழுதி வச்சிருந்தார்.

1970கள்ல மாணவர்கள் புது ஸ்டேடியத்துக்கு அவர் பேரை வைக்கச் சொல்லி போராட ஆரம்பிச்சாங்க. 1975-ல திறந்தப்ப வைக்கல. 1984-ல மைதானத்துக்கு மட்டும் அவர் பேர், ஸ்டேடியத்துக்கு வேற பேர்னு ஒரு சமரசம் பண்ணினாங்க. மாணவர்கள் விடல, ஒரு செட் படிச்சு முடிச்சுப் போக அடுத்த செட் கையில எடுத்தாங்க. 1997-ல ஜாக் ட்ரைஸ் ஸ்டேடியம்னு ஆச்சு. மேல்மட்ட காலேஜ் ஃபுட்பால்ல ஒரு கறுப்பின மனுஷன் பேர்ல ஸ்டேடியம் அமைஞ்சது அதுதான் முதல் தடவை.

செயற்கைப் புல் எப்ப வந்துச்சு?

1966-ல ஹூஸ்டன்ல கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துல வந்தது, அடுத்த வருஷம் இந்தியானா ஸ்டேட் திறந்தவெளியில போட்டாங்க, 1968-ல டென்னசி. 1986-ல பாய்சி ஸ்டேட் நீலக் கலர்லயே போட்டுட்டாங்க, டிவியில பாத்தா கண்ணு கூசும், ஆனா அந்த ஊரை நாடு பூரா தெரிய வச்சது அந்த நீலம்தான்.

டிவி வந்ததுக்கப்புறம் ஸ்டேடியம் எப்படி மாறிச்சு?

1950கள்ல இருந்து எத்தனை ஆட்டம் டிவியில வரணும்னு காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்.சி.ஏ.ஏ.தான் முடிவு பண்ணும், டிவியில போட்டா ஸ்டேடியத்துக்கு ஆள் வராதுன்னு பயம். ஜார்ஜியாவும் ஓக்லஹோமாவும் சேந்து வழக்கு போட்டு, 1984-ல சுப்ரீம் கோர்ட் 7-2ன்னு என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. எதிர்த்து எழுதின நீதிபதி பைரன் வைட் யாருன்னா, கொலராடோ யுனிவர்சிட்டியோட பழைய ஃபுட்பால் ஸ்டார். காசு கணக்குக்குள்ள ஆட்டம் முங்கிடும்னு அவர் பயந்தது வீண் போகல.

அதுக்கப்புறம் வெள்ளமா பணம். உச்சியில கண்ணாடி போட்ட சொகுசு ரூம், கிளப் சீட்டு, ராட்சத ஸ்கிரீன். மிச்சிகன்ல 2010-ல முடிஞ்ச வேலைக்கு மட்டும் 22.6 கோடி டாலர். அப்ப ஒரு முக்கியமான சண்டை நடந்துச்சு: இவ்வளவு செலவு பண்றீங்க, வீல்சேர்ல வர்றவங்களுக்கு இடம் எங்கன்னு உடம்பு செயலிழந்த முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. 2008-ல யுனிவர்சிட்டி இறங்கி வந்து வீல்சேர் இடங்களை நிறைய கூட்டுச்சு. சொகுசு ரூமை விட எனக்கு அந்த சீட்டுங்க பெரிசு.

லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலிசியத்துக்கு ஒரு விமான கம்பெனி பேரை முன்னாடி சேக்கப் பாத்தாங்க, முன்னாள் ராணுவத்தினர் எதிர்த்ததுல 2019-ல கம்பெனி பேர் மைதானத்தோட நின்னுச்சு, மெமோரியல் கொலிசியம் பேர் தப்பிச்சுது.

ப்ரொஃபஷனல் ஸ்டேடியங்கள் ஏன் இதைவிட சின்னதா இருக்கு?

காலேஜ்ல பெரும்பாலும் முதுகு சாய இடமில்லாத அலுமினிய பெஞ்சு, நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும், ஒருத்தருக்கு ஒன்றரை அடி. குளிர்காலத்துல எல்லாரும் தடியா ஜாக்கெட் போட்டு வந்தா அதுவும் கிடைக்காது. ப்ரொஃபஷனல்ல தனித்தனி நாற்காலி, குறைஞ்ச சீட்டு, கூடுன விலை.

இன்னும் பெரிசாகிக்கிட்டே போகுமா?

இல்ல, காத்து திரும்பிடுச்சு. வீட்டுல பெரிய டிவி, மாணவர்கள் பாதி ஆட்டத்துலயே கிளம்பிடுறாங்க. நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டி 1926-ல கட்டுன ஸ்டேடியத்தை 2024-ல இடிச்சு, 47,000 இருந்த இடத்துல 35,000 பேருக்கு மட்டும் புதுசா கட்டத் தொடங்குனாங்க, அதுக்கு 80 கோடி டாலருக்கு மேல செலவு. சீட்டு கம்மி, காசு ஜாஸ்தி. எல்லாருக்கும் நாற்காலி, மைதானத்துக்கு ரொம்பக் கிட்ட. பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா மலிவான பெஞ்சு குறைய குறைய முதல்ல வெளிய போறது கையில காசு கம்மியா இருக்குற குடும்பங்கள்தான்னு எனக்கு உறுத்துது.

ஒண்ணே ஒண்ணு பாக்க முடியும்னா எதுக்குப் போகலாம்?

சத்தமும் கூட்டமும் வேணும்னா எல்.எஸ்.யூ ராத்திரி ஆட்டம். டென்னசியிலயும் ஒரு அழகு இருக்கு, ஆத்தோரம்ங்கிறதால ஜனங்க படகுலயே வந்து கட்டி வச்சுட்டு உள்ள போறாங்க, 1962-ல ஒரு ரேடியோ வர்ணனையாளர் டிராஃபிக்குக்கு பயந்து ஆரம்பிச்ச பழக்கம். கட்டடத்துக்காகப் போறதுன்னா ஹார்வர்ட்-யேல் ஆட்டம், நவம்பர்ல நடக்கும், இரட்டைப்படை வருஷம் ஹார்வர்ட்ல, ஒற்றைப்படை வருஷம் யேல்ல. யேலுக்குப் போனா சீக்கிரமே போய் வெளியில சுத்தி நடந்து அந்த மண் கரையைப் பாத்துட்டு அப்புறம் சுரங்கப்பாதைக்குள்ள நுழைங்க. கூட்டம் சேந்துட்டா மேடு எது பள்ளம் எதுன்னே தெரியாது.